ஸ்டாஃப்பேட்ல கையெழுத்து நோட்டேஷன் சரியா ஏறல, என்ன செய்யலாம்?

தங்கச்சிமடம்_ஆல்ட்டோ
கோயில் பாட்டுக்குழுவுக்கு நாலு குரல்ல பாட்டு எழுதணும். ஐபேட், ஆப்பிள் பென்சில், ஸ்டாஃப்பேட் (கையால எழுதுற இசைக்குறிப்பை அச்சு நோட்டேஷனா மாத்துற ஆப்) இருக்கு. கால் நோட் எழுதினா அதைவிட ரெண்டு மடங்கு நீளமான அரை நோட்டா மாறுது. சில பார் (ஒரு தாளச் சுற்று அடங்குற கட்டம்) மாறவே மாட்டேங்குது. மத்தியான வேர்வையில கை ஒட்டுது, கோடும் விட்டு விட்டு விழுது. தமிழ் வரியையும் நோட்டுக்குக் கீழே போடணும். திருவிழாவுக்குள்ள பிரிண்ட் வேணும்.

பாம்பன்_பேஸ்
கால் நோட்டோட தலையில துளி வெள்ளை தெரிஞ்சாலும் அரை நோட்டுன்னு எடுத்துக்கும். வட்டம் போட்டு நிரப்பாதீங்க, சின்னதா அழுத்தமா ஒரு சாய்கோடு போதும். தண்டு (நோட்டோட செங்குத்துக் கோடு) தலையைத் தொட்டே ஆகணும். பார் முழுசையும் எழுதி முடிச்சிட்டு வெளியே தட்டுங்க. 3/4 தாளத்துல ரெண்டு கால் நோட்டோட நிறுத்தினா மீதிக்கு ரெஸ்ட்டும் (மௌனக் குறி) எழுதுங்க, கணக்கு இடிச்சா குழப்பம்தான்.

நாலு குரலுக்கும் தனித்தனி ஸ்டாஃப் (அஞ்சு கோட்டு வரிசை) வைங்க. ரெண்டு குரலை ஒண்ணுல அடைச்சா தண்டுகள் மோதும். டெனருக்கு (ஆண்களோட மேல் குரல்), அடியில 8 போட்ட ட்ரெபிள் க்ளெஃப் (ஸ்டாஃப் தொடக்கத்துல வர்ற ஸ்தாயிக் குறி) போடுங்க. அந்த 8 இல்லேன்னா ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும்.

மண்டபம்_கீபோர்டு
கோடு விட்டுப்போறதுக்கு வேர்வை மட்டும் காரணமில்ல. பென்சில் முனை தளர்ந்திருக்கான்னு முதல்ல பாருங்க, வலப்பக்கமா திருகினா இறுகும். திரைமேல மேட் ஷீட் (லேசா சொரசொரப்பான ஒட்டுத்தாள்) ஒட்டினா பிடிமானம் வரும், ஆனா முனை சீக்கிரம் தேயும். உள்ளங்கைக்கு அடியில காய்ஞ்ச பருத்தித் துணி வைங்க. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்ற சூழல் வெப்பம் 35 டிகிரி வரைதான். சித்திரையில ஜன்னலோரம் வெயில் படுற மாதிரி வைக்காதீங்க. கடல் காத்துல சார்ஜ் துளை ஈரமாகும், காயாம கேபிள் சொருகக் கூடாது.

தொண்டி_டெனர்
ஆண்ட்ராய்டு டேப்ல நுனியில ரப்பர் வச்ச சாதா ஸ்டைலஸ் போதுமா?

பாம்பன்_பேஸ்
ஸ்டாஃப்பேட் ஆண்ட்ராய்டுக்கு இல்ல. அந்த ஸ்டைலஸையும் உள்ளங்கையையும் டேப் பிரிச்சறியாது. எஸ் பென் (சாம்சங்கோட சொந்தப் பேனா) உள்ள சாம்சங் டேப்னா, வெறும் ஸ்டாஃப் பிடிஎஃப்பைத் திறந்து அதுமேலயே எழுதலாம். அது வெறும் மை, வாசிச்சுக் காட்டாது.

கீழக்கரை_ஸ்கோர்
தமிழ் வரியைப் பேனாவால போராட வேண்டாம். ஸ்டாஃப்பேட்ல இருந்து மியூசிக்எக்ஸ்எம்எல்-ஆ (நோட்டேஷன் மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பு வகை) ஏற்றுமதி செஞ்சு லேப்டாப்ல மியூஸ்ஸ்கோர்ங்கிற நோட்டேஷன் மென்பொருள்ல திறங்க, அது இலவசம். முதல் நோட்டைத் தேர்ந்து கண்ட்ரோல்+எல் அழுத்தினா வரி தட்டலாம். அசைக்கு அசை ஹைஃபன், சொல் முடிஞ்சா ஸ்பேஸ், கடைசி அசை நீண்டா அண்டர்ஸ்கோர்.

அசை பிரிக்கிறப்ப புள்ளி வச்ச எழுத்து முந்தின எழுத்தோடதான் நிக்கணும். "ஆண்-ட-வ-ரே" சரி. "ஆ-ண்ட-வ-ரே"ன்னு போட்டா ரெண்டாவது நோட்டை "ண்"ல தொடங்க முடியாம பாடுறவங்க திணறுவாங்க. ஸ்டைல்ல வரிகளோட எழுத்துருவை நோட்டோ செரிஃப் தமிழுக்கு மாத்திட்டு பிடிஎஃப் எடுங்க. கொம்பும் காலும் ஒழுங்கா விழுந்திருக்கான்னு ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்சுப் பார்த்துட்டு மொத்தப் பிரதியும் போடுங்க.