உலகத் தொடர் 2025 (நவம்பர் 2025 உரையாடல்): அம்பயர் பறித்தாரா, நாங்களே விட்டோமா?

ஸ்காபரோ_நீலம்:
பேஸ்பால் இறுதியான உலகத் தொடர் முடிந்து ஒரு கிழமை ஆகப்போகிறது, எங்கள் டொரொன்டோ புளூ ஜேஸ் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸிடம் கோப்பையை விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏழு ஆட்டத்திலும் சேர்த்து புளூ ஜேஸ் எடுத்தது 34 ரன், டாட்ஜர்ஸ் எடுத்தது 26. சரி, பேஸ்பால் அப்படித்தான், விடுவோம். ஆனால் மூன்றாவது ஆட்டத்தை என்னால் விட முடியாது. இரண்டாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 0-0, எங்கள் பிஷெட் முதல் பேஸில் நிற்கிறார், அடிக்க நிற்கும் வார்ஷோவுக்கு மூன்று பால் (எல்லைக்கு வெளியே போன பந்து), ஒரு ஸ்ட்ரைக். டாட்ஜர்ஸ் பிட்சர் கிளாஸ்னோ போட்ட பந்து பார்வைக்கு எல்லையை விட நன்றாக மேலே. அம்பயர் வெக்னர் வாயும் திறக்கவில்லை, கையும் அசைக்கவில்லை. நான்காவது பால், இனி சும்மாவே முதல் பேஸ் என்று நினைத்து வார்ஷோ முதல் பேஸ் பக்கம் நடக்க, பிஷெட்டும் தன் பேஸை விட்டு நகர, எல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாக வருகிறது ஒரு 'ஸ்ட்ரைக்'. கிளாஸ்னோ உடனே முதல் பேஸுக்கு எறிந்தார், பிஷெட் அவுட். அந்த ஆட்டம் 18 இன்னிங்ஸ் இழுத்து, இங்கே விடிகாலை மூன்று மணிக்குச் சற்று முன்னர் 6-5 என்று தோற்றோம். ஒரே ஒரு ரன். அது எங்கே போனது என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்ஏ_பக்கம்:
அண்ணா, அம்பயர் தாமதமாகச் சொன்னது தப்புதான், டாட்ஜர்ஸ் ரசிகன் நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்பயர் சொல்கிற வரை பேஸை விட்டு நகரக்கூடாது என்பது சின்னப் பையன்களுக்கே முதலில் சொல்லித் தருவது. அதுவும் போகட்டும், அதற்குப் பிறகு இன்னும் 16 இன்னிங்ஸ் நடந்ததே! எங்கள் ஓத்தானி அன்றைக்கு ஒன்பது முறை பேஸ் ஏறினார், ஒரு கட்டத்துக்கு மேல் உங்கள் ஆட்கள் அவரை அடிக்கவே விடாமல் வேண்டுமென்றே பால் கொடுத்து முதல் பேஸுக்குச் சும்மா நடக்க வைத்தார்கள். கடைசியில் எங்கள் ஃப்ரீமன் ஹோம்ரனாகத் தூக்கி அடித்ததற்கும் வெக்னருக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்காபரோ_நீலம்:
அப்படியென்றால் ஆறாவது ஆட்டம்? ஒன்பதாவது இன்னிங்ஸ், 3-1 பின்னால் நிற்கிறோம், எங்கள் பார்ஜர் இடது-நடுப் பக்கம் அடித்த பந்து சுவரின் மெத்தைக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. முதல் பேஸில் இருந்த ஸ்ட்ரா சுலபமாக ஹோம் வந்திருப்பார். உங்கள் டீன் பந்தை எடுக்கக்கூட முயலாமல் இரண்டு கையையும் தூக்கினார், அம்பயர் டெட் பால் (ஆட்டம் நிறுத்தம்) என்றார், ஸ்ட்ரா மூன்றாவது பேஸுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பந்து அந்த இடுக்கில் போகாமல் இரண்டு அங்குலம் தள்ளி விழுந்திருந்தால் நாங்கள் இப்போது வேறு விஷயம் கதைத்துக்கொண்டிருப்போம்.

கணக்கன்_மார்க்கம்:
நானும் ஜேஸ் ரசிகன்தான், ஆனாலும் சொல்கிறேன். டீன் செய்தது மூளை. பந்து மாட்டிக்கொண்டால் இரண்டு பேஸ்தான், விதி அது. அதன் பிறகும் ஆளே அவுட் ஆகாமல் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நம்மவர்கள் நின்றார்கள். கிளாஸ்னோ உள்ளே வந்து மூன்றே பந்தில் முடித்துவிட்டார். நம் கிளெமென்ட் முதல் பந்தையே மேலே தூக்கிக் கொடுத்தார். அடுத்து ஹிமெனெஸ் அடித்ததை டாட்ஜர்ஸின் கீகே எர்னாண்டஸ் ஓடி வந்து பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிய, பேஸுக்குத் திரும்ப முடியாமல் பார்ஜரும் மாட்டி அவுட் ஆனார். சமன் செய்யும் ரன் இரண்டாவது பேஸில் நிற்கும்போது அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? இதில் எந்த அம்பயரைத் திட்டுவீர்கள்?

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயம்தான் அடுத்த நாள் நம்மைச் சாப்பிட்டது. ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4, மூன்று பேஸும் நிரம்பி ஒருவர் மட்டும் அவுட். மூன்றாவது பேஸில் கைனர்-ஃபலேஃபா. நேராக அடித்த பந்தில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காகப் பேஸை ஒட்டியே நிற்கச் சொன்னார்கள் என்று அவரே பிறகு சொன்னார். வார்ஷோ தரையில் அடிக்க, டாட்ஜர்ஸின் ரோஹாஸ் தடுமாறி எழுந்து ஹோமுக்கு எறிந்தார். கேட்சர் வில் ஸ்மித்தின் கால் பிளேட்டை விட்டு ஒரு கணம் எழும்பித் திரும்ப இறங்கியது, ரீப்ளேயில் பார்த்தும் அவுட்தான். இன்னும் ஓர் அடி முன்னால் நின்றிருந்தால் அங்கேயே கோப்பை நம்முடையது.

ஃபென்வே_மூலை:
உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் 11 இன்னிங்ஸ் போய் ஒரு ரன்னில் தோற்றவர்கள் அழுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது, தலைவரே. நான் பாஸ்டன்காரன். எங்கள் ரெட் சாக்ஸ் ஆட்கள் மூன்றாவது பேஸ் வீரர் டெவர்ஸுக்கு 10 ஆண்டு, 313.5 மில்லியன் டாலர் என்று எழுதிக் கொடுத்தார்கள், அப்புறம் பிரெக்மனைக் கொண்டுவந்து மூன்றாவது பேஸைப் பிடுங்கினார்கள், முதல் பேஸ் வீரர் காசாஸ் காயப்பட்டதும் முதல் பேஸுக்குப் போ என்றார்கள். அவர் மாட்டேன் என்றார். ஜூன் 15, யாங்கீஸை மூன்றுக்கு மூன்று அடித்த நாள், அந்த ஆட்டத்திலேயே ஹோம்ரன் அடித்தவரை அன்று மாலையே சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்! பதிலுக்கு வந்த நான்கு பேரில் டிப்ஸ் என்பவரை ஜூலையிலேயே டாட்ஜர்ஸுக்குத் தள்ளிவிட்டு பிட்சர் டஸ்டின் மேயை வாங்கினார்கள். முன்பு மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்கு விட்டதே எங்களுக்கு இன்னும் ஆறாத புண், அவரும் இப்போது உங்கள் எதிரே நின்று கோப்பை தூக்குகிறார்.

கணக்கன்_மார்க்கம்:
டெவர்ஸ் போன பிறகும் நீங்கள் 89 வெற்றியோடு பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) வந்தீர்கள், அவரை வாங்கிய ஜயன்ட்ஸ் 81 வெற்றி, 81 தோல்வி என்று நின்றது. கோபம் வேறு, கணக்கு வேறு.

ஃபென்வே_மூலை:
வந்து என்ன, முதல் சுற்றிலேயே யாங்கீஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். மூன்றாவது ஆட்டத்தில் ஷ்லிட்லர் என்ற புதுப்பையன் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தான். அந்த வரிசையில் டெவர்ஸ் இருந்திருந்தால் என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா?

எல்ஏ_பக்கம்:
ட்ரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) பேச்சு வந்ததால் கேட்கிறேன். ஜேஸ் பிட்சர் பீபரை வாங்கியது சரியா? ஏழாவது ஆட்டத்தின் 11ஆவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆன பிறகு வில் ஸ்மித் ஹோம்ரன் அடித்தது அவருடைய பந்தில்தானே?

ஸ்காபரோ_நீலம்:
தம்பி, இது அநியாயக் கதை. காயத்தில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தவரை ஓர் இளம் பிட்சரைக் கொடுத்து வாங்கினோம். நான்காவது ஆட்டத்தில் ஓத்தானிக்கு எதிரே நின்று ஜெயித்துக் கொடுத்தவரும் இந்த பீபர்தான். பிட்சர் வார்லண்டைப் பாருங்கள், மினசோட்டாவிலிருந்து வந்து ஒரே பிளேஆஃபில் 15 ஆட்டத்தில் பந்து போட்டார், அதற்கு முன் யாரும் அப்படிப் போட்டதில்லை. இன்னொரு பிட்சர் டொமிங்கெஸ் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் இருந்தபோது, நடுவில் ட்ரேட் ஆகி எதிரணி அறைக்கு நடந்தே வந்தவர். 2024இல் 74 வெற்றியோடு கடைசி இடத்தில் கிடந்த அணி இது. 2025இல் 94 வெற்றிக்கு வந்து, யாங்கீஸோடு சமமாகி, நேருக்கு நேர் ஆடியதில் முந்தியதால் பிரிவை வென்றது. ஜூலை ட்ரேட்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபம் அம்பயர் மேல் மட்டும்தான்.

எல்ஏ_பக்கம்:
அதற்குத்தான் 2026இல் மருந்து வருகிறதே. அம்பயர் சொன்ன பால், ஸ்ட்ரைக்கைக் கேமராவில் சரிபார்க்கச் சொல்ல ஓர் அணிக்கு இரண்டு சவால், சரியாக இருந்தால் கையிலேயே இருக்கும். பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர் தலையைத் தட்டிக் கேட்க வேண்டும், மேனேஜர் கேட்க முடியாது. ஆனால் ஒன்று, 2025 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் பரிசோதித்தபோது சவால்களில் 52.2 சதவீதம்தான் சரியாக இருந்தன. அம்பயரைத் திட்டுகிற வீரர்கள் ஏறக்குறைய பாதி நேரம் தாங்களே தப்பு.

கணக்கன்_மார்க்கம்:
இன்னொன்றையும் யோசியுங்கள். நம்முடைய கர்க், பந்தைப் பிடிக்கும் விதத்திலேயே ஓரத்துப் பாலை ஸ்ட்ரைக் ஆக்கி வாங்குவதில் லீக்கின் முன்னணிக் கேட்சர்களில் ஒருவர். சீசன் முழுக்க அம்பயர் கண் ஏமாந்ததில் நமக்கும் நல்ல பங்கு கிடைத்திருக்கிறது. கேமரா வந்தால் எதிரணி பேட்டர் தலையைத் தட்டுவான், அதில் கொஞ்சம் போகும். அப்போது ஸ்காபரோ அண்ணை கேமராவையும் திட்டுவாரோ?

ஸ்காபரோ_நீலம்:
கட்டாயம் திட்டுவேன். கர்க் உழைத்து வாங்குகிற ஸ்ட்ரைக் அது, வெக்னருடையது நித்திரையில் வந்த ஸ்ட்ரைக். இரண்டையும் ஒரு தராசில் வைக்காதீர்கள்.

ஃபென்வே_மூலை:
இது நல்ல நியாயம் 😂

கணக்கன்_மார்க்கம்:
சரி, அடுத்த விஷயத்துக்கு வாருங்கள். பிஷெட் இந்த 2025 நவம்பரில் ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாதவர்). முழங்கால் காயத்தோடு உலகத் தொடரில் இரண்டாவது பேஸில்தான் நின்றார். நம் குரேரோவுக்கு ஏற்கெனவே 14 ஆண்டு, 500 மில்லியன் டாலர் போகிறது. என்னைக் கேட்டால் பிஷெட்டின் பழைய இடமான ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே) ஹிமெனெஸ் நிற்கட்டும், பிஷெட்டின் காசில் ஒரு பெரிய பிட்சரை வாங்கலாம்.

ஸ்காபரோ_நீலம்:
அதுதானே பார்த்தேன்! ஏழாவது ஆட்டத்தில் ஓத்தானியின் பந்தைத் தூக்கி அடித்து மூன்று ரன் கொண்டுவந்தது யார், நீங்கள் வாங்கப்போகிற அந்தப் பிட்சரோ?

கணக்கன்_மார்க்கம்:
நான்காவது ரன்னைக் கொண்டுவந்தது ஹிமெனெஸ், அதையும் எழுதுங்கள்.