சிங்க்: தொட்டியா, கொள்ளிடமா?

நண்பர்களே, வணக்கம்.

ஆப்பிள் மரத்தின் கோடைக் கவாத்து (கோடையில் தளிர்களை வெட்டிவிடுவது) பற்றி மொழிபெயர்க்கும்போது சோர்ஸ், சிங்க் என்ற இரட்டையில் மாட்டிக்கொண்டேன். செடியில் சர்க்கரையைச் செய்து கொடுக்கும் பகுதி சோர்ஸ், அதை வாங்கிக்கொள்ளும் பகுதி சிங்க். நம் குழுவில் இவற்றுக்குத் தமிழாக வந்த ‘மூலம், தொட்டி’ எனக்கு ஒட்டவில்லை. தொட்டி சும்மா கிடக்கும், ஊற்றினால் நிறையும். காயோ இலை செய்த சர்க்கரையைத் தன் பக்கம் இழுக்கிறது. ஆப்பிளில் அது பெரும்பாலும் சார்பிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளாகப் போய்ச் சேருகிறது. மூலம் என்றாலோ லேகிய விளம்பரம்தான் நினைவுக்கு வரும்.

இங்கிலாந்தில் சுவரோரம் படர்த்தி வளர்க்கும் ஆப்பிளை ஆகஸ்டில் கவாத்து செய்வார்கள். தண்டிலிருந்து அந்த ஆண்டு கிளைத்து 20 செ.மீ.க்கு மேல் நீண்ட தளிரில், அடிக்கொத்து இலைகளை விட்டுவிட்டு அதற்கு மேல் மூன்று இலை எண்ணி வெட்டு. விழுந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கீழ்ப்பக்கம் தடித்த கரும்பச்சை இலைகள், அவை கொடுப்பவை. நுனி இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் அங்கே வெளிர்க்கொழுந்து, அது வாங்கித் தின்னும். அந்தக் கொழுந்திலையே ஓரளவு விரிந்ததும் கொடுக்கத் தொடங்கிவிடும். ஆகவே நமக்கு வேண்டியது வேலையைச் சொல்லும் பெயர்.

நான் முதலில் ‘ஈட்டிடம், நுகரிடம்’ என்று எழுதினேன். குளிர்காலத்துக்காக வேர் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறதே, அது நுகர்வா என்று ஒருவர் மடக்கினார். சரிதான். அவர் சொன்ன ‘கொள்ளிடம்’ முதலில் சிரிப்பை வரவழைத்தது, காவிரியிலிருந்து கொள்ளிடம் ஆறு பிரியும் முக்கொம்பு கண்ணில் வந்து நின்றது. யோசித்தால் அந்த ஆறே காவிரியின் மிகை நீரை வாங்கிக்கொள்வதுதானே! கொள்வினை, கொடுப்பினை போல ‘கொடுப்பிடம், கொள்ளிடம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்தியில் போட்டுப் பார்த்தேன்:

“கோடைக் கவாத்து கொடுப்பிடத்தையும் கொள்ளிடத்தையும் சேர்த்தே குறைக்கிறது. எஞ்சிய இலைகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. அவற்றின் மூப்பு தள்ளிப்போகிறது, ஒளிச்சேர்க்கை சீக்கிரம் தளர்வதில்லை. ஆனால் நிழலிலேயே வளர்ந்த மெல்லிய இலை, வெயில் பட்டவுடன் வெயிலிலையின் திறனை முழுதாக எட்டிவிடாது. கொடுப்பிடத்தை அளவு மீறிக் கழித்தால், வெளிச்சத்தில் காய் நன்றாகச் சிவந்தாலும் சிறுத்து, இனிப்புக் குறையும்.”

படிக்கத் தடங்கல் இல்லை. இலக்கணம் பார்ப்பவர்கள் ‘கொடுப்பிடம்’ புணர்ச்சியைச் சரிபார்க்கவும். அப்புறம், சிங்க் ஸ்ட்ரெங்த், அதாவது ஒரு கொள்ளிடம் சர்க்கரையைத் தன் பக்கம் இழுக்கும் வலிமை, என்பதற்குக் ‘கொள்திறன்’ போட்டால் கொள்ளளவோடு குழம்பும். ‘ஈர்ப்பு வலு’ பரவாயில்லையா?