குழந்தைகள் உடைக்கு லேபிள் பெயர்: இரண்டில் எது சரி?

ஊசிமுனை:
வணக்கம். நானும் என் தோழியும் கைக்குழந்தையிலிருந்து மூன்று வயது வரைக்குமான உடைகளைப் பருத்தித் துணியில் தைத்து, தெரிந்தவர்களுக்குள்ளேயே விற்றுக்கொண்டிருந்தோம். இப்போது ஒரு கடைக்காரர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், ஆனால் கழுத்தில் லேபிள் இல்லாமல் கொடுத்தால் வாங்க மாட்டாராம். அதுவும் நியாயம்தான். தோழிக்குப் பிடித்த பெயர் 'குழந்தைப் பருத்தி'. பார்த்த உடனே என்ன சரக்கு என்று தெரிந்துவிடும், தனியாக விளக்க வேண்டியதில்லை என்பது அவள் வாதம். எனக்கு அது பெயராகவே படவில்லை, அலமாரியில் ஒட்டிவைக்கிற சீட்டு மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்தது 'நூலிழை'. எங்கள் இருவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தும் பார்த்தோம், வாயில் நுழையவில்லை. இரண்டு பெயருக்கும் டொமைன், அதாவது இணையதள முகவரி, கிடைக்கிறது, அதனால் வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். லேபிள் நெய்யக் கொடுப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். எது சரி?

முத்திரை:
முதலில் அந்த டொமைன் கணக்கை விட்டுவிடுங்கள். டொமைன் கிடைக்கிறது என்றால் அந்த முகவரியை யாரும் வாங்கவில்லை, அவ்வளவுதான். அதே பெயரை வேறொருவர் டிரேட்மார்க்காக, அதாவது தனக்கு மட்டும் உரிய வணிகச் சின்னமாக, பதிவு செய்து சட்டை விற்றுக்கொண்டிருக்கலாம். டிரேட்மார்க்கில் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள், உடைகள் 25ஆம் வகுப்பில் வரும், கடை நடத்துவது 35இல் வரும். இந்த இரண்டிலும் தேடுங்கள். வைப்போ என்கிற உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உலக பிராண்ட் தரவுத்தளத்தில் இலவசமாகவே தேடலாம், உங்கள் நாட்டுப் பதிவகத்தின் தளத்திலும் தேடுங்கள், ஏனென்றால் டிரேட்மார்க் உரிமை பொதுவாக நாட்டுக்கு நாடு தனித்தனி. அப்புறம், எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கிற பெயரும் சிக்கல்தான்.

வேறு துறையில் இருப்பவர்தானே என்றும் அசட்டையாக இருக்க முடியாது. ஆப்பிள் கணினி நிறுவனமும் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் கோர் நிறுவனமும் இதே பெயருக்காகத்தான் மோதிக்கொண்டன. கணினிக்காரர்கள் இசைப் பக்கம் வருவதில்லை என்று 1981இல் சமாதானம் ஆனது, பிறகு கணினியே பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டது, எல்லாம் தீர்ந்தது 2007இல்தான். நீங்களும் நாளைக்குப் பொம்மை, சோப்பு என்று போவதாக இருந்தால் அந்த வகுப்புகளையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

'குழந்தைப் பருத்தி' பற்றி: சரக்கை அப்படியே விவரிக்கிற பெயரைப் பதிவு செய்வது பெரும்பாலான நாடுகளில் கடினம். குழந்தைக்கான பருத்தி உடை என்று எல்லோரும் சொல்லித்தானே ஆக வேண்டும், அந்தச் சொற்களை ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் நாளைக்கே அதையே போட்டுக்கொண்டால் உங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அர்த்தமே இல்லாமல் புதிதாகக் கட்டிய சொல், அல்லது சரக்கோடு சம்பந்தமில்லாத சாதாரணச் சொல், இவைதான் பலமாக நிற்கும். கோடாக் கேமராவின் பெயருக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது, அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஈஸ்ட்மன் 1888இல் தானாகக் கட்டிய பெயர் அது.

கடைவீதி:
தோழி சொல்வதில் ஒரு பாதி சரி. புதிதாக வருகிறவரிடம் விளம்பரத்துக்குப் பணம் இருக்காது, வாங்குகிறவருக்கு என்ன சரக்கு என்று உடனே தெரிந்தாக வேண்டும். அதற்காக அதையே பெயராக வைக்கத் தேவையில்லை. பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே சின்னதாக 'குழந்தைகளுக்கான பருத்தி உடைகள்' என்று போடுங்கள். அவளுக்கு வேண்டியது அதிலேயே கிடைத்துவிடும்.

'நூலிழை' எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் அந்த 'ழை' உங்களைப் படுத்திவிடும். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவீர்கள்? ஒருவர் இசட்-எச் போடுவார், ஒருவர் எல், இன்னொருவர் வெறும் இசட். 'நூ'வுக்கு ஓ இரண்டா, யு ஒன்றா? உங்களைத் தேடி வருகிறவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தட்டச்சு செய்து வேறு எங்கேயோ போய் நிற்பார்கள். தமிழ் தெரியாதவர் வாயில் அது 'நூலிலை' ஆகிவிடும். பெயரைப் போனில் ஒருமுறை மட்டும் ஒருவரிடம் சொல்லுங்கள், அவரையே எழுதிக் காட்டச் சொல்லுங்கள், என்ன வருகிறது என்று பாருங்கள். அமேசானுக்கு முதலில் வைத்தது கடாப்ரா என்ற பெயர், போனில் சொன்னால் 'கடாவர்', அதாவது பிணம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லாகக் காதில் விழுந்ததால்தான் மாற்றினார்கள்.

தறிச்சத்தம்:
நான் லேபிள் நெய்கிற வேலையில் இருக்கிறேன், பெயர் வைக்கிறவர்கள் யாரும் யோசிக்காத ஒரு விஷயம் சொல்கிறேன். கழுத்து லேபிள் விரல் அகலம்தான் இருக்கும், குழந்தைச் சட்டையில் அதைவிடச் சின்னது. எழுத்தும் நூலால்தான் வருகிறது, எனவே 'ழை', 'ணை' மாதிரி சுழி நிறைந்த எழுத்தைச் சின்னதாக நெய்தால் சுழிக்குள் இருக்கிற இடைவெளி அடைத்துக்கொண்டு முடிச்சு மாதிரி தெரியும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டு, கைக்கு வந்த பிறகு வருத்தப்படுகிறவர்கள் நிறைய. பெயரை அச்செடுத்து, நிஜ அளவில் வெட்டி, ஒரு சட்டைக் கழுத்தில் வைத்துக் கையெட்டும் தூரத்திலிருந்து படித்துப் பாருங்கள். எழுத்து குறைவாக இருந்தால் அதே இடத்தில் பெரிதாக நெய்யலாம். கைக்குழந்தை உடைக்கு நெய்த லேபிளே வேண்டாம் என்பது என் கருத்து, ஓரம் கழுத்தில் உரசும், துணியிலேயே பதிகிற லேபிள் போடுங்கள். எனக்கு வருமானம் குறைந்தாலும் பிள்ளைக்கு அதுதான் நல்லது.

ஊசிமுனை:
எல்லோருக்கும் நன்றி. போனில் சொல்லிப் பார்த்தோம், 'நூலிழை'யை ஆளுக்கு ஒரு விதமாக எழுதினார்கள், மனசே இல்லாமல்தான் விட்டுவிட்டேன். பெயருக்குக் கீழே ஒரு வரி போடலாம் என்றதும் தோழியும் இறங்கி வந்துவிட்டாள். இப்போது அவளே 'முயல்' என்கிறாள். மூன்றே எழுத்து, பிள்ளைகளுக்கும் பிடிக்கும், ஆங்கிலத்தில் பெரும்பாலும் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். கூடவே ஒரு முயல் படமும் போடலாம் என்றிருக்கிறோம். 25இலும் 35இலும் தேடிக்கொண்டிருக்கிறேன், இதுவரை 'முயல்' என்ற சொல்லாக எதுவும் கண்ணில் படவில்லை.

முத்திரை:
நல்ல தேர்வு, உடைக்கும் முயலுக்கும் சம்பந்தமில்லை என்பதே உங்களுக்குப் பலம். ஆனால் படம் சேர்க்கிறீர்கள் என்றால் சொல்லைத் தேடியது போதாது, படத்தையும் தேட வேண்டும். குழந்தைப் பொருள்களில் முயல் படம் ஏராளம். நான் சொன்ன அதே தரவுத்தளத்தில் உங்கள் படத்தை ஏற்றினால் அதைப் போலிருக்கிற சின்னங்களைக் காட்டும். முதலில் சொல்லை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள், பிறகு படம் எத்தனை முறை மாறினாலும் பெயர் உங்களிடமே இருக்கும். பொதுவாகப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.