டெக்சஸ் வந்த பெற்றோருக்கு: கணக்கு நோட்டில் மாடும் சக்வேகன் என்ற சமையல் வண்டியும் வந்தால் பதற வேண்டாம்

ஆகஸ்டில் பள்ளி திறந்து ஒன்றரை மாதம் ஆனதும் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். "ஊரில் கணக்கில் நூறு வாங்கிய பையன் இங்கே எழுபதுக்கு இறங்கிவிட்டான். எந்த டியூஷனில் சேர்க்கலாம்?" என் பதில்: இப்போதைக்கு எதிலும் வேண்டாம். முதலில் அவன் எழுதிய தாளை வாங்கி, எங்கே நின்றிருக்கிறான் என்று பாருங்கள். பெருக்கலும் வகுத்தலும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மாட்டு மந்தை ஒரு நாளைக்கு இத்தனை மைல் போனது, சமையல்காரர் இத்தனை குவார்ட் (கால் காலன்) பீன்ஸ் வேகவைத்தார் என்று நாலு வரிக் கதை வந்த இடத்தில் நின்றிருப்பான். மைல் எவ்வளவு தூரம், குவார்ட் எவ்வளவு பெரிது என்று அவன் உடம்புக்கே தெரியாது. பத்துப் பத்தாகப் பெருகும் அளவுகளில் வளர்ந்த பிள்ளை அது.

கணக்கு நோட்டில் கௌபாய், அதாவது குதிரையேறி மாடு ஓட்டுபவன், எங்கிருந்து வந்தான் என்றால், டெக்சஸ் பள்ளிகளில் இப்போதைக்கு 4ஆம் வகுப்பிலும் 7ஆம் வகுப்பிலும் மாநில வரலாறு பாடமாக இருக்கிறது. அதில் மாடு ஓட்டிய காலம் பெரிய பகுதி. சில ஆசிரியர்கள் அதே வாரங்களில் கணக்கையும் அதோடு சேர்த்துவிடுவார்கள். ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு ரோடியோ (கௌபாய் விளையாட்டுத் திருவிழா) தொடங்கும் முன் வரும் வெள்ளிக்கிழமை 'கோ டெக்சன் டே'. தொப்பியும் பூட்ஸும் போட்டு அனுப்பச் சொல்லிச் சீட்டு வரும். கடைக்கு ஓடாதீர்கள், கட்டம் போட்ட சட்டையும் ஜீன்ஸும் போதும்.

இந்தக் கௌபாய் கணக்குகளில் பாதி வெறும் ஒப்பனை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 36ஐ 4ஆல் வகு என்று எழுதிப் பக்கத்தில் ஒரு தொப்பிப் படம் ஒட்டுவதால் யாருக்கும் எதுவும் புரிந்துவிடாது. ஆனால் அந்த வாழ்க்கையில் நிஜமாகவே கணக்கு இருந்தது. அதை வீட்டில் எடுத்துச் செய்தால் பிள்ளைக்கு அளவுகளும் பழகும், வரலாற்றுப் பாடமும் ஓரளவு முடியும்.

கதை சுருக்கமாக இது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்சஸில் லாங்ஹார்ன் என்னும் நீளக் கொம்பு மாடுகள் ஏராளம், வாங்க ஆளில்லை. உள்ளூரில் ஒரு மாடு 4 டாலர், வடக்கே 40 டாலர் என்று பாடங்களில் சொல்வார்கள். 1867இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி கன்சாஸின் ஆபிலீன் ஊரில், ரயில் பாதையை ஒட்டி மாட்டுச் சந்தை அமைத்தார். டெக்சஸிலிருந்து அங்கே போகும் வழிதான் சிஸம் டிரெயில். அதற்கு முந்தைய வருடம், 1866இல், சார்லஸ் குட்நைட் என்பவர் ராணுவத்தின் பழைய வண்டி ஒன்றை வாங்கி, பின்பக்கம் இழுப்பறைகள் உள்ள அலமாரியைப் பொருத்தினார். அதன் கதவைக் கீழே சாய்த்தால் அதுவே சமையல் மேஜை. அதுதான் சக்வேகன். 2005இல் டெக்சஸ் சட்டமன்றம் அதை மாநிலத்தின் அதிகாரபூர்வ வாகனமாகவே அறிவித்தது. பிள்ளைக்கு வினாடி வினாவில் உதவும்.

இனி கணக்கு. மந்தையில் 2,500 மாடு, தூரம் 900 மைல், நாளைக்கு 12 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 நாள். ஏப்ரல் 1ஆம் தேதியை முதல் நாளாக வைத்தால் 75ஆவது நாள் ஜூன் 14. இதைக் காலண்டரில் விரல் வைத்து எண்ணச் சொல்லுங்கள். 12 மைல் ஏன், குதிரை இன்னும் வேகமாகப் போகுமே என்று கேட்பான். போகும், ஆனால் மாடு வழியில் மேய வேண்டும், இல்லையென்றால் சந்தைக்கு எலும்பும் தோலுமாகப் போய்ச் சேரும். விலை போகாது.

அடுத்து பணம். 10 கௌபாய், ஆளுக்கு மாதம் 30 டாலர், இரண்டரை மாதம்: 750. சமையல்காரருக்கு மாதம் 50, மந்தையை நடத்திப் போகும் தலைவருக்கு 100 என்று வைத்தால் இன்னும் 375. மொத்தச் சம்பளம் 1,125 டாலர், அதாவது ஒரு மாட்டுக்கு 45 சென்ட். வழியில் நூற்றுக்கு ஐந்து மாடு போய்விட்டது என்று வைத்தால் மிஞ்சுவது 2,375. அதை 40ஆல் பெருக்கினால் 95,000. வாங்கிய விலை 10,000த்தையும் சம்பளத்தையும் கழித்தால் 83,875. குதிரையும் சாப்பாடும் இதில் சேரவில்லை, எல்லா மாடும் 40 டாலருக்கு விற்றதும் இல்லை. 1873இல் பொருளாதாரம் சரிந்தபோது மாட்டு விலையும் விழுந்தது. 15 டாலருக்கு விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திருப்பிப் போடச் சொல்லுங்கள். கௌபாய்க்கு எவ்வளவு கிடைத்தது என்றும் கேளுங்கள்: 75 நாளுக்கு 75 டாலர், நாளொன்றுக்கு ஒரு டாலர். மீதி யாருக்குப் போனது என்று பிள்ளையே கேட்டுவிடும். நாலில் ஒரு கௌபாய் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மெக்சிகோக்காரர்களும் நிறையப் பேர், கயிறு வீசும் வித்தையே அவர்களிடமிருந்து வந்ததுதான். பயிற்சித்தாள் படங்களில் இவர்களை அதிகம் பார்க்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சமையல். டச்சு அவன் (Dutch oven) என்பது கனமான வார்ப்பிரும்புச் சட்டி. அடியில் மூன்று கால், மூடியில் விளிம்பு. கீழேயும் கங்கு, மூடி மேலேயும் கங்கு. பிரியாணிக்குத் தம் போடும்போது மூடி மேல் நெருப்பு வைப்போமே, அதே வேலை. எத்தனை கங்கு என்பதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. இப்போது கடையில் கிடைக்கும் ஒரே அளவான கரித்துண்டுகளுக்கானது அது. பழைய கௌபாய் சமையல்காரர் விறகை எரித்துக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார்.

350 ஃபாரன்ஹீட் சூட்டுக்கு, சட்டியின் விட்டம் எத்தனை இன்ச்சோ அதைப்போல் இரண்டு மடங்கு கரி. மேலே விட்டத்தைவிட மூன்று கூட, கீழே மூன்று குறைய. 12 இன்ச் சட்டிக்கு மேலே 15, கீழே 9, ஆக 24. 10 இன்ச் சட்டிக்கு 13, 7, ஆக 20. இரண்டு துண்டு கூட்டினால் சுமார் 25 டிகிரி ஏறும்.

6ஆம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதை விடாதீர்கள். மொத்தக் கரி விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு, இது பெருக்கல் உறவு. மேலே வைப்பது விட்டத்தோடு மூன்று, இது கூட்டல் உறவு. இந்த இரண்டையும் பிரித்தறிவது 6ஆம் வகுப்புப் பாடத்திட்டத்தில் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் தடுமாறும் இடமும் அதுதான். 12 இன்ச்சில் மேலே போவது எட்டில் ஐந்து பங்கு, 62.5 சதவீதம். 10 இன்ச்சில் 65 சதவீதம். ஏன் ஒன்றாக இல்லை? கரியைக் கையில் எடுத்து அடுக்கிய பிள்ளைக்கு இந்தக் கேள்வி மிரட்டலாகத் தெரியாது.

7ஆம் வகுப்புக்கு இன்னொன்று. 10 இன்ச்சுக்கும் 12 இன்ச்சுக்கும் இரண்டு இன்ச்தானே வித்தியாசம்? பரப்பைப் போட்டுப் பாருங்கள்: ஒன்று சுமார் 78.5 சதுர இன்ச், மற்றது சுமார் 113. பெரியது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 12 இன்ச்சுக்கு எழுதிய பீச் காப்ளர் (பீச் பழமும் மாவும் சேர்த்துச் சுடும் இனிப்பு) குறிப்பை 10 இன்ச் சட்டியில் செய்தால் எல்லாவற்றையும் சுமார் 0.7ஆல் பெருக்க வேண்டும். பெருக்காமல் அப்படியே ஊற்றினால் மூடி இடுக்கில் பாகு வழிந்து கரியில் விழும்.

பீன்ஸ் இன்னும் எளிது. ஒரு பவுண்டு காய்ந்த பின்டோ பீன்ஸ் வெந்தால் ஏறக்குறைய 6 கப் வரும். ஆளுக்கு முக்கால் கப் என்றால் எட்டுப் பேர். வண்டிக் கூட்டம் 12 பேர் என்றால் ஒரு வேளைக்கு ஒன்றரை பவுண்டு, 24 அவுன்ஸ். 75 நாளுக்குத் தினம் ஒரு வேளை என்றால் 112½ பவுண்டு. அதோடு மாவு, காபி, உப்புக்கண்டப் பன்றி, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் ஏற்ற வேண்டும். ஒரே வண்டியில் இத்தனை நாளுக்குத் தாங்குமா, வழியில் எங்கே வாங்கியிருப்பார்கள் என்று பேச்சு தானாகப் போகும்.

இங்கே நம் வீட்டில் மட்டும் வரும் சிக்கல் ஒன்று. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லி. அமெரிக்கக் கப் சுமார் 240. பிள்ளை குக்கர் கப்பை எடுத்து அளந்தால் எல்லாம் முக்கால் பங்காகிவிடும். அளவுக் கப் செட் தனியாக வாங்கி, பழையதை அரிசி டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். அவுன்ஸிலும் கவனம் வேண்டும். ஒரு கப் என்பது 8 திரவ அவுன்ஸ், ஆனால் ஒரு கப் மைதாவின் எடை சுமார் நாலே கால் அவுன்ஸ்தான். சமையலறைத் தராசில் வைத்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடியும் விஷயம்.

இன்னொரு பழக்கம், மைல் என்றதும் கிலோமீட்டராக, பவுண்டு என்றதும் கிலோவாக மாற்றிச் சொல்லிக் கொடுப்பது. வேண்டாம். நமக்கு வசதி, பிள்ளைக்குக் கூடுதல் சுமை. நாலாம் வகுப்பில் கேட்பது இன்ச்சிலிருந்து அடி, குவார்ட்டிலிருந்து காலன் போன்றவைதான். அளவு மாற்றும் அட்டவணையையும் மாநிலத் தேர்வில் கையில் கொடுக்கிறார்கள். சாயங்காலம் இருபது நிமிடம் நடந்துவிட்டு "இதுதான் ஒரு மைல்" என்று சொல்லுங்கள். ஒரு காலன் பால் கேனைக் கழுவி, குவார்ட் குவார்ட்டாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். எண்ணில் காற்புள்ளி வைப்பதையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். நாம் 2,50,000 என்று எழுதுவது இங்கே 250,000.

வேலி போடும் கணக்கும் நல்லது. முள்கம்பிக்கு ஜோசப் கிளிட்டன் 1874இல் காப்புரிமை வாங்கிய பிறகு திறந்த மேய்ச்சல் நிலம் சுருங்கத் தொடங்கியது. ஒரு சதுர மைல் என்பது 640 ஏக்கர். அதைச் சுற்றி நாலு மைல். நாலு வரிசைக் கம்பி என்றால் 16 மைல் கம்பி. 15 அடிக்கு ஒரு கம்பம் என்றால் 1,408 கம்பம். கம்பத்தின் எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டுமா என்று கேளுங்கள். சுற்றி வந்து அதே இடத்தில் முடிவதால் வேண்டாம், நேர்கோட்டு வேலி என்றால் வேண்டும்.

இரவுக் காவலை விட மனமில்லை. மந்தையைச் சுற்றி இரவில் இரண்டிரண்டு மணி நேரக் காவல் இருக்கும். கடிகாரம் இல்லாதவன் சப்தரிஷி மண்டலம் துருவ நட்சத்திரத்தைச் சுற்றுவதைப் பார்த்து நேரம் சொன்னான். 24 மணிக்கு 360 டிகிரி, மணிக்கு 15, ஒரு காவலுக்கு 30 டிகிரி. நாலாம் வகுப்பில் கோணமானி வருகிறது. சமையல்காரர் படுக்கும் முன் வண்டியின் ஏர்க்காலைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைப்பார், காலையில் வடக்கு எது என்று தெரிய. ஊர் வெளிச்சம் இல்லாத மாநிலப் பூங்காவில் ஒரு ராத்திரி தங்கினால் இதைச் செய்து பார்க்கலாம்.

நேரில் பார்க்க, டல்லாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஃபோர்ட் வொர்த் ஸ்டாக்யார்ட்ஸ். தினம் 11:30க்கும் 4 மணிக்கும் தெருவிலேயே லாங்ஹார்ன்களை ஓட்டிப் போவார்கள், பார்க்கக் காசில்லை. ஆஸ்டினில் புல்லக் மியூசியம், லப்பக்கில் நேஷனல் ராஞ்சிங் ஹெரிடேஜ் சென்டர், ஹூஸ்டன்காரர்களுக்கு ரிச்மண்டில் ஜார்ஜ் ராஞ்ச்.

இனி, என்னிடம் கேள்வி கேட்டிருந்தவர்களுக்குச் சில பதில்கள்.

சைவக் குடும்பம், பள்ளியில் சக்வேகன் நாள் என்றால் என்ன செய்வது என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். கௌபாய் பீன்ஸ் என்று வருவதில் பெரும்பாலும் பேக்கனோ மாட்டிறைச்சியோ இருக்கும், பார்க்கத் தெரியாது. இங்கே பிஸ்கட் என்று சொல்லும் மெத்தென்ற ரொட்டியிலும், சப்பாத்தி போன்ற டார்ட்டியாவிலும் சில சமயம் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். ஆசிரியருக்கு முன்கூட்டியே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதி, நீங்களே ஒரு பாத்திரம் பீன்ஸ் செய்து அனுப்புவதாகச் சொல்லுங்கள். அனேகமாகச் சரி என்பார்கள். கடையில் வாங்கியது மட்டும் என்று விதி வைத்திருக்கும் பள்ளியும் உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியில் கட்டம் போட்டுப் பெருக்குகிறார்கள், நம் முறையை வீட்டில் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் ஆசிரியர் முறை கைக்கு வந்த பிறகு. விடை சரியாக இருந்தாலும் எப்படி வந்தது என்று விளக்கக் கேட்கிறார்கள், அதற்குத் தனி மதிப்பெண் வைக்கும் ஆசிரியர்களும் உண்டு. 24 கரியை ஏன் 15, 9 என்று பிரித்தாய் என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டுப் பழக்குங்கள்.

அபார்ட்மென்டில் இருப்பவர்கள் பால்கனியில் கரி பற்ற வைக்காதீர்கள். பெரும்பாலான குத்தகை ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. வீட்டுக்குள் கரி எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு உயிரையே எடுக்கும், கதவு திறந்திருந்தாலும்தான். பூங்காவில் நெருப்பு வளையம் இருக்கும் இடத்தில் செய்யுங்கள். கோடையில் கிளம்பும் முன் அந்தக் கவுன்ட்டியில் நெருப்புத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டு அவனில் 350இல் வைத்துச் செய்யலாம், கரிக் கணக்கை மட்டும் தாளில் போடலாம்.

எந்தச் சட்டி வாங்குவது? கால் இருக்கிறதா, மூடியில் விளிம்பு இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்து வாங்குங்கள். கடையில் வண்ண எனாமல் பூசி அழகாக இருப்பது அடுப்புக்கானது, கரிக்கு ஆகாது. நாலு பேர் வீட்டுக்கு 10 இன்ச் போதும், 12 இன்ச் சட்டி நிறைந்தால் பிள்ளையால் அசைக்கவே முடியாது. மூடி தூக்கும் கொக்கி ஒன்றும் நீளமான இடுக்கி ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.