இந்தப் புரட்டாசிக்கு யார் வீட்டு வாசலில் நிற்பது?

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மடற்குழுவில் டாலஸ் தம்பி கேட்ட கேள்விக்கு வந்த பதில்களை எல்லாம் படித்தேன். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு நம் வீட்டு வழக்கங்களில் எதைக் கொண்டுசேர்ப்பது, எல்லோரும் சேர்ந்து புதிதாக எதைத் தொடங்குவது என்று அவர் கேட்டிருந்தார். பாதிப் பேர் பண்டிகைப் பட்டியல் அனுப்பியிருக்கிறீர்கள், மீதிப் பேர் சமையல் குறிப்பு. ரியாத் மாமா மட்டும், எல்லாவற்றையும் ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மாமா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மகாபாரதக் கதை சொல்லி நடத்தும் பாரதத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் சொற்பொழிவு, இரவில் கூத்து, தபசு மரம் ஏறும் அர்ச்சுனன், திடலில் மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன், படுகளம் முடிந்த மாலையில் தீமிதி. இதற்கு அக்கினி நட்சத்திர வெயில் வேண்டும். காப்புக் கட்டிய பிறகு ஊர் எல்லையைத் தாண்டாத ஜனங்கள் வேண்டும். நியூ ஜெர்சியில் வாடகைக் கூடத்தில் படுகளம் நடத்த முடியாது. நடத்த முயலவும் வேண்டாம் என்பது என் எண்ணம்.

புரட்டாசிச் சனிக்கிழமை அப்படிப்பட்டதல்ல. அது வீட்டுக்குள் நடப்பது, வீட்டோடு வருவது. கிழமையும் நமக்குத் தோதாக அமைந்திருக்கிறது. அமீரகத்தில் 2022 முதல் சனியும் ஞாயிறும் விடுமுறை, சவூதியில் வெள்ளியும் சனியும். அமெரிக்காவையும் சிங்கப்பூரையும் சொல்லவே வேண்டாம். செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை நான்கு சனிக்கிழமையாவது வரும். ஒன்று தப்பினால் இன்னொன்று.

ஆனால் இப்போது நாம் அதை எப்படிச் செய்கிறோம்? கடையில் வாங்கிய அரிசியில் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை, சுண்டல். இலையில் வகை வகையான சாதத்தை வைத்துப் பெருமாள் முகம் வரைகிறோம். (யூடியூபைப் பார்த்து வந்த பழக்கம் இது. என் அம்மா காலத்தில் நம் பக்கத்தில் பார்த்ததில்லை. அழகாகத்தான் இருக்கிறது, போகட்டும்.) பிறகு ஒரு புகைப்படம். பெருமாளுக்குப் படைக்கும் தளிகை முடிந்தது.

நம் ஊரில் தளிகை எங்கே தொடங்கும் என்று நினைவிருக்கிறதா? அடுப்படியிலா? தெருவில்தானே. பித்தளைச் சொம்புக்கு நாமம் இட்டு, கழுத்தில் துளசியைச் சுற்றி, நெற்றியில் திருமண்ணோடு பையன்கள் காலையிலேயே கிளம்புவார்கள். 'வெங்கட்ரமணா கோவிந்தா' என்ற குரல் கேட்டதும் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி. நிலபுலத்தோடு வசதியாக இருந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அடுத்த வீட்டு வாசலில் நின்று கேட்டுத்தான் வாங்கினார்கள். தளிகைக்கு அந்த அரிசிதான் உலையில் விழும். ஒரு வீட்டில் பச்சரிசி போட்டிருப்பார்கள், இன்னொரு வீட்டில் புழுங்கல், மூன்றாவது வீட்டில் பழைய ரேஷன் அரிசி. எல்லாம் ஒரே சொம்பில். ஒன்று குழைந்திருக்கும், ஒன்று விறைத்து நிற்கும். அம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் பொங்கல் வைப்பார். ஆனாலும் அரிசியை மாற்றியதில்லை.

இதை அபுதாபியில் செய்து பார்த்தோம். பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் ஒருவரும் திகைக்கவில்லை. மலையாளி வீட்டில் மட்டை அரிசி, குஜராத்தி வீட்டில் பாசுமதி, பிலிப்பினோ அம்மா தந்தது வெந்ததும் ஒட்டிக்கொள்ளும் ரகம். என் அம்மாவின் முணுமுணுப்புக்கு அன்றைக்குத்தான் முழுப் பொருள் விளங்கியது. மட்டை அரிசியைத் தனியாக ஊறவைத்து, முதலில் பாதி வேகவைத்து, மற்றதைப் பிறகு சேர்ப்பதுதான் வழி. சொம்பு எடுத்துப் போனது என் மகள். ஊரில் பெண் பிள்ளைகள் அரிசி போடுவார்கள், வாங்கப் போக மாட்டார்கள். பெருமாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மதியம் அந்த மூன்று வீடுகளுக்கும் பொங்கல் போனது. சொல்லாமலே மாலையில் அவர்கள் பிள்ளைகள் மாவிளக்கு பார்க்க வந்தார்கள். வெல்லமும் அரிசி மாவும் பிசைந்து நெய்த்திரி ஏற்றியது மலையேறும் வரை காத்திருந்து, பிட்டுத் தின்றுவிட்டுத்தான் போனார்கள்.

சங்கடமான ஒரு விஷயத்தையும் எழுத வேண்டியிருக்கிறது. கோவிந்தா போட்டுக்கொண்டு போன அந்தக் கூட்டம் ஊர்த் தெருவோடு திரும்பிவிடும். காலனிக்குப் போகாது. ஆடியில் கூழ் ஊற்றும்போதும் அங்கே ஓர் அண்டா, இங்கே ஓர் அண்டா. இந்த மடற்குழுவில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறோம். பிறந்தநாள் வாழ்த்து, மருத்துவமனை உதவி, விமான நிலையத்தில் போய் அழைத்து வருவது எல்லாவற்றையும் பேதமில்லாமல் செய்துகொள்கிறோம். பழைய வழக்கத்தைக் காப்போம் என்று பேச்சு வரும்போது மட்டும் காலனிப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் பதில் எழுதுவதில்லை. கவனித்திருக்கிறீர்களா? நான் கவனித்திருக்கிறேன். வாசல் வாசலாகப் போய் வாங்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம், திரும்பிவந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வழக்கத்தை இஷ்டப்படி மாற்றலாமா என்று பெரியப்பா கேட்பார், தெரியும். பெரியப்பா, நீங்கள் தவறாமல் போன திருத்தணிப் படித் திருவிழா எப்படி வந்தது? வெள்ளைக்காரர் காலத்தில் ஜனவரி முதல் தேதி எலுமிச்சம்பழத்தோடு துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அதற்குப் பதிலாகத் தணிகைத் துரையான முருகனைப் போய்ப் பார்ப்போம் என்று நம் பக்கத்து வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு படியேறினார். படிக்குப் படி திருப்புகழ், 365 படி. ஒரு மனிதர் யோசித்துத் தொடங்கியது அது. இன்றைக்கு டிசம்பர் 31 இரவு அந்த மலையில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் மூலவர் இல்லாமல் கிடந்ததை ஐம்பதைத் தாண்டிய நாம் நேரிலேயே பார்த்திருக்கிறோம். சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தது 1981 மார்ச்சில். அங்கே அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கும் இளைஞர்களிடம், இந்தப் பூசை உங்கள் அப்பா சிறுவனாக இருந்தபோது கிடையாது என்று சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

ஆகவே என் யோசனை இரண்டு. இந்தப் புரட்டாசியில், இரண்டாம் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொரு நகரத்திலும் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் தங்களுக்குள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சொம்போடு போகட்டும். எந்தத் தெரு, என்ன சாமி என்று கேட்க வேண்டாம். சாமி கும்பிடாதவர்கள் அரிசி மட்டும் போடலாம், சாப்பிட வரலாம். ஒரே ஒரு குடும்பம் இருக்கும் ஊர்களில் எங்களைப் போலப் பக்கத்து வீடுகளுக்குப் போகலாம். முன்கூட்டியே சொல்லிவிடுவது மட்டும் அவசியம்.

இரண்டாவது, ஆடியில் ஊரில் கூடுவது. சித்திரை வைகாசியில் பாரதத்துக்கு வரச் சொன்னால் அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்திருக்காது, வளைகுடாப் பிள்ளைகளுக்கும் அப்படியே. ஆடியில் இரு தரப்புக்கும் விடுமுறை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்கள் வள்ளிமலைக்கோ ரத்தினகிரிக்கோ போய்வரலாம். அதே வாரத்தில் மாரியம்மன் கோயிலில் கூழ். கேழ்வரகு மாவும் நொய்யும் எல்லாத் தெருவிலும், காலனி உட்பட, வாங்கிச் சேர்த்து ஒரே இடத்தில் காய்ச்ச வேண்டும். சங்கப் பணத்தில் மூட்டையாக வாங்கி இறக்கிவிடலாம் என்று யாரும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். பணம் பம்பைக்காரர்களுக்கும் பந்தலுக்கும் போகட்டும். முருங்கைக்கீரைப் பொரியலா, கருவாட்டுக் குழம்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இரண்டும் இருக்கலாம். ஊரில் இருப்பவர்களிடம் பேசாமல் நாமே தேதி குறிப்பது சரியாக இருக்காது என்பதால், இந்த மாதம் ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் பார்த்துப் பேசிவிட்டு எழுதுங்கள்.

சிங்கப்பூர்க்காரர்கள் இதில் அடிபடுகிறார்கள். அவர்களுக்கு ஜூனில் நீண்ட விடுமுறை, பிறகு நவம்பர் கடைசியில்தான். கார்த்திகைத் தீபத்தை அவர்கள் பொறுப்பில் விட்டுவிடலாமா? தீப்பொறி பறக்க மாவளி சுற்ற ஆண்பனைப் பூ வேண்டும். அதைக் குழியில் மூட்டம் போட்டுக் கரியாக்கி இடிக்கத் தெரிந்தவர் ஊரில் இப்போது யார் இருக்கிறார் என்று அண்ணி விசாரித்துச் சொன்னால் நல்லது.