ஏசி, கூலர், ஹீட்டர்: வாங்கியபின் நடந்ததைச் சொல்லுங்கள்

மொட்டைமாடிக்குக் கீழே

குரோம்பேட்டை, கடைசி மாடி, மேற்கு பார்த்த படுக்கையறை. இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை என்று நினைக்கிறேன். கடையில் கேட்ட ஒரே கேள்வி, "ரூம் எத்தனை சதுர அடி சார்?" 120 என்றேன். "ஒரு டன் தாராளம்" என்று பில் போட்டுவிட்டார்கள். தலைக்கு மேல் இன்னொரு வீடு இருக்கிறதா, நேரே வானமா, ஜன்னல் எந்தப் பக்கம், எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது. 24-ல் வைத்தால் நிற்காமல் ஓடுகிறது, அறை 29-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. புகார் கொடுத்தேன். சர்வீஸ் பையன் அன்றைய கடைசி வீடாக இரவு எட்டரைக்கு வந்தான். கேஸ் பார்த்தான், ஃபில்டர் பார்த்தான், வெளி யூனிட்டுக்குக் காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்த்தான். எல்லாம் சரி. அப்புறம் ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையின் அடிப்பக்கம் உள்ளங்கையை வைத்தான். எடுக்காமலே என்னைப் பார்த்து, "நீங்களும் வைங்க சார்" என்றான். வைத்தேன். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது. சூரியன் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. "இந்தத் தளம் பகல் முழுக்கக் குடிச்ச வெயில இப்பத்தான் கீழ இறக்குது. ராத்திரி ரெண்டு வரைக்கும் இறக்கும். உங்க ஏசி அறையோட சண்டை போடல, தளத்தோட போடுது."

மெஷினில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "ஒன்றரை டன் எடுத்திருக்கலாமே சார்" என்கிறார், ஏதோ நான்தான் வேண்டாம் என்று சொன்னது போல. அந்த முகம்தான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

உப்புக்காற்று

உங்களுக்காவது மெஷின் உயிரோடு இருக்கிறது. நான் திருவான்மியூர், பீச்சிலிருந்து இரண்டாவது தெரு. ஒவ்வொரு கோடையிலும் கேஸ் லீக். ஒவ்வொரு முறையும் கேஸ் நிரப்பிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போவார்கள், எங்கே லீக் என்று யாரும் தேட மாட்டார்கள். கடைசியாக ஒரு வயதான மெக்கானிக் வந்தார். வெளி யூனிட்டின் பின்பக்கம் விரலால் லேசாகத் தட்டினார். குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய அலுமினியத் தகடு, ஃபின் என்பார்கள், பொடிப்பொடியாக அவர் கையில் உதிர்ந்தது. அதை ஒரு பேப்பரில் மடித்து என்னிடம் கொடுத்து, "இதைக் கொண்டுபோய் வாரன்டி கேளுங்க" என்றார். கேட்டேன். கடலோரத் துருவுக்கு வாரன்டி இல்லை என்று அட்டையில் ஒரு மூலையில் போட்டிருக்கிறதாம்.

"காப்பர் காயில் என்றால் ஆயுசுக்கும்" என்று விற்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். குழாய் காப்பர்தான், சுற்றியுள்ள ஃபின் அலுமினியம்தான். இரண்டு உலோகம் உரசி நிற்கும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அரிக்கத்தான் செய்யும். கடலோரத்தில் கேட்க வேண்டியது ஃபின்னுக்கு மேல் பூச்சு இருக்கிறதா, அடுத்து, வெளி யூனிட்டைக் கடல் பக்கம் இல்லாத சுவரில் மாட்ட முடியுமா என்பது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினாலே ஆயுள் கூடும் என்று அந்த மெக்கானிக் சொன்னார். நல்ல தண்ணீருக்கு நான் எங்கே போவது, அது தனிக் கதை.

கோட்டைவாசல்

எல்லோரும் ஏசி ஏசி என்கிறீர்கள். வேலூரில் எங்கள் வீட்டில் கூலர்தான். மே மாத மதியம் இரண்டு மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்தால் போர்வை கேட்பீர்கள். கரண்டு இருநூறு வாட்தான் இழுக்கும். ஏசி என்பது விளம்பரக்காரர்கள் ஏற்றிவிட்ட ஆசை.

மயிலை ஜன்னல்

@கோட்டைவாசல், உங்கள் மாதிரி ஒருவர் பேச்சைக் கேட்டுத்தான் என் மாமியார் கூலர் வாங்கிக்கொடுத்தார். மயிலாப்பூரில். முதல் வாரத்திலேயே அப்பள டப்பா நமுத்தது, உப்பு ஜாடி நீர்த்தது. பீரோவைத் திறந்தால் கல்யாணப் பட்டுப் புடவையின் மடிப்பில் வெள்ளையாகப் பூஞ்சை. அந்தப் புடவையை நான் கையில் எடுத்த நிமிஷம் மாமியார் கூலரின் பிளக்கைப் பிடுங்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் பேச்சில்லை. அது மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது, உள்ளே வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம்.

கோட்டைவாசல்

அதற்குக் கூலர் என்ன செய்யும்? தண்ணீர் ஆவியாகும்போதுதான் காற்று குளிரும். வெளியில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் 24 காட்டும், கூலர் காற்று அதற்குக் கீழே போகாது. நல்ல கூலர் 27, 28 டிகிரியில் காற்றுத் தரும். சென்னையில் 35 டிகிரி, ஈரப்பதம் 65 என்றால் ஈரத்துணிக் கணக்கே 29-ஐத் தொடும். கூலர் தருவது 30 டிகிரி ஈரக்காற்று. காற்றுக்கே தாகம் இல்லாத ஊரில் தண்ணீர் காட்டினால் அது எப்படிக் குடிக்கும்? இன்னொன்று, ஜன்னலை மூடிக்கொண்டு ஓட்டியிருப்பீர்கள். கூலருக்கு எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலூரிலும் பூஞ்சைதான்.

மயிலை ஜன்னல்

ஜன்னலைத் திறந்தால் கொசு. விடுங்கள் சார்.

குன்னூர் குளிர்

கீழ்நாட்டுக்காரர்கள் சண்டைக்கு நடுவில் மலைக்காரியும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். எங்களுக்கு ஏசி தேவையில்லை, டிசம்பர் ஜனவரியில் தேவை கணப்புதான். எங்கள் பழைய வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டிருந்தோம். குளிர் தாங்காமல் குடியிருந்தவர் இரும்புச் சட்டியில் கரி போட்டு, கதவு இடுக்கில் துணியடைத்துத் தூங்கியிருக்கிறார். விடியற்காலையில் கதவில் ஏதோ உரசும் சத்தம். தட்டக்கூடத் தெம்பில்லாமல் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். திறந்தால் புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆள் மட்டும் நிற்க முடியாமல் என் மேல் சாய்ந்தார். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். பிழைத்துவிட்டார். அந்தத் தேய்க்கும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் கரி கிடையாது. ஆயில் ரேடியேட்டர் ஹீட்டர் வாங்கினோம், 2,000 வாட். நெருப்பு இல்லை, அறைக் காற்றை எரிக்காது. ஆனால் அதைச் சாதாரண 5 ஆம்பியர் பாயின்டில் செருகாதீர்கள், கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். வெள்ளைக்காரன் கட்டின உயரக் கூரை வீடுகளில் சூடெல்லாம் மேலேயே போய் நிற்கும், கட்டிலில் இருப்பவருக்கு நடுக்கம்தான்.

கணக்குப்பிள்ளை

என் கதை சின்னது. ஏசி வாங்கின முதல் கோடையில் ரீடிங் எடுக்க வந்தவர் 504 என்று எழுதினார். அந்த நாலு யூனிட்டை நான் மறக்கவே மாட்டேன்.

ஏனென்றால் நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கட்டணப் பட்டியலே மாறிவிடும். அன்றைய கட்டணப்படி முதல் 100 இலவசம். ஆனால் 101 முதல் 200 வரைக்கும் அதுவரை கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. ஆகவே எல்லோரும் கவனிக்க வேண்டியது: மின்சிக்கன ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். ஸ்டிக்கரில் எந்த ஆண்டுக்கான ஸ்டார் என்று போட்டிருக்கும். 2022 ஜூலையில் அளவுகோலை இறுக்கினார்கள், அதற்கு முன் 5 ஸ்டாராக இருந்தது 4 ஆனது. பழைய சரக்கைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் அதைப் பாருங்கள். அதே ஸ்டிக்கரில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருப்பது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. சென்னையில் பத்து மாதம் இரவு எட்டு மணி நேரம் போட்டால் 2,400 ஆகிவிடும், ஆகவே அந்த எண்ணை ஒன்றரையால் பெருக்குங்கள். 1 டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ, அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும் திறன். தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரம் போகாது, சில்லென்று இருக்கும் ஆனால் பிசுபிசுக்கும். இன்வெர்ட்டர் ஏசி என்றால் கம்ப்ரசர் நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும், கொஞ்சம் பரவாயில்லை. கூடவே பழைய 75 வாட் மின்விசிறியைக் கழற்றிவிட்டு 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் விசிறி மாட்டுங்கள், ஏசியை 26-ல் வைத்து விசிறியை ஓட விடுங்கள். 2020 முதல் புது ஏசியெல்லாம் ஆன் செய்ததும் 24-ல்தான் நிற்கும். பதினெட்டில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நம்பிக்கை மட்டும்தான். ஸ்டெபிலைசர் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மொட்டைமாடிக்குக் கீழே

@கணக்குப்பிள்ளை, நன்றி சார். ஆனால் நான் கேட்டது கரண்டு பில் இல்லை. "ஒன்றரையால் பெருக்குங்கள்" என்கிறீர்கள், என் அறையில் கம்ப்ரசர் வேகத்தைக் குறைப்பதே இல்லை. எந்த ஸ்டிக்கரை எதால் பெருக்குவது?

மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல்கோட் பெயின்ட் அடித்தாயிற்று. தாத்தா காலத்தில் வெறும் சுண்ணாம்புதான் அடித்தார்கள். இப்போது இரவில் 26-க்கு வருகிறது. அதே ஒரு டன்தான். ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்லித் தனிச்செய்தியில் ஒருவர் விடாமல் எழுதுகிறார். வெயில் தளத்துக்குள் வந்தபின் கீழே அட்டை கட்டுவதைவிட, வரும்போதே மேலே திருப்பி அனுப்புவது மேல் என்பது என் கட்சி.

ஸ்காபரோ பேஸ்மென்ட்

"எத்தனை சதுர அடி" என்று கேட்டவரைப் பற்றி வாசித்ததும் எழுத வேண்டும் போல இருந்தது. இங்க கனடாவில், எங்கட வீட்டில் வீட்டைச் சூடாக்கிற பழைய ஃபர்னஸ் பழுதாகி, மாற்ற வந்தவர் அதைக்கூடக் கேட்கவில்லை. பழைய பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணைப் போனில் படம் எடுத்தார், அதே ஒரு லட்சம் பிடியூ எழுதினார், போனார். இடையில் ஜன்னல் எல்லாம் மாற்றி, பரணில் இன்சுலேஷன் போட்டிருந்தோம், அதைப் பார்க்கவே இல்லை.

இப்ப வீட்டுக்கு மிஞ்சின ஃபர்னஸ் கொஞ்ச நேரம் சீறிவிட்டு நிற்கும், திரும்பச் சீறும். மேல் மாடியில் பிள்ளைகள் போர்வையை உதைக்கினம். கீழே அம்மா கம்பளித் தொப்பியோடு கோயில் நேரலை பார்க்கிறா. வெளியில் மைனஸ் 18. அம்மா என்னிடம், "தம்பி, யாழ்ப்பாணத்தில பங்கர் இதைவிடச் சூடு" என்றா. சிரிக்கிறதா அழுகிறதா தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் கடுங்குளிருக்கான ஹீட் பம்ப் போட்டிருக்கினம், ஏசியைத் தலைகீழாக ஓட்டி வெளிச்சூட்டை உள்ளே கொண்டுவாற மெஷின். அவைக்கு வந்த ஆள் ஒவ்வொரு அறையாக ஜன்னல் அளந்து, சுவர், பரண் எல்லாம் பார்த்து வெப்ப இழப்புக் கணக்குப் போட்டவர். மைனஸ் 20-இலும் ஓடுது, கோடையில் அதுவே ஏசி. குன்னூர் அக்கா, உங்கட ஊருக்கு இது நல்லா வேலை செய்யும் என்று நினைக்கிறன்.

குன்னூர் குளிர்

தம்பி, இங்கேயும் அதை ஹாட் அண்ட் கோல்ட் ஏசி என்று விற்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் போட்டார். மூடுபனியில் வெளி யூனிட்டில் ஐஸ் கட்டிக்கொள்கிறது, அதைக் கரைக்க அடிக்கடி சூட்டை நிறுத்திவிடுகிறது. கரண்டு என்னவோ ரேடியேட்டரில் பாதிதான் என்கிறார். மழைக்காலத்தில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்டே இல்லாதபோது ரெண்டும் ஒன்றுதான்.

மதுரை வாடகை

சொந்த வீட்டுக்காரர்கள் பேசி முடித்தாயிற்றா? எங்கள் ஹவுஸ் ஓனர் சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று சொன்னதால் சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி வாங்கினோம். ஒரே குழாய், அதை ஜன்னல் வழியே வெளியே விட வேண்டும். ஓட ஆரம்பித்ததும் கதவுக்கு அடியிலிருந்து விசில் சத்தம். குழந்தை முதலில் பயந்துவிட்டது. அறைக் காற்றை வெளியே தள்ளும்போது அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாக ஹாலின் அனல் உள்ளே வருகிறது. மெஷின் முன்னால் முகத்துக்குக் குளிர், கணுக்காலுக்குச் சூடு. அந்தக் குழாயைத் தொட்டால் அதுவே ஒரு ஹீட்டர். சத்தத்தில் டிவி கேட்காது.

இப்போது ஓனரிடம் ஜன்னல் ஏசிக்கு அனுமதி கேட்டிருக்கிறோம். ஜன்னல் கம்பியை வெட்டக்கூடாதாம், கழற்றினால் சரியாம், போகும்போது திரும்ப மாட்டிக்கொடுக்க வேண்டுமாம். பழைய மரச்சட்டம். வெல்டிங் இல்லாமல் கம்பியைக் கழற்றி மாட்டும் ஆள் மதுரையில் யாருக்காவது தெரிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். ஸ்டெபிலைசர் ஆலோசனை வேண்டாம்.