மாம்பலம் வீட்டுக் குழு: மதுரை விமானம் ஏன் கடலுக்கு மேல் சுற்றுகிறது?

மாலை 6.12

அத்தை (மாம்பலம்): தம்பி ஏறிய மதுரை விமானத்தை மின்னல் தாக்கிவிட்டது என்று கீழ்வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா? யாராவது உடனே எழுதுங்கள்.

அக்கா (வேளச்சேரி): விமானம் கடலுக்கு மேல் வட்டமடிப்பது கைப்பேசியில் தெரிகிறது, அத்தை.

அத்தை: ஏன் வட்டமடிக்கிறது?

பெரியப்பா (நங்கநல்லூர்): பதறாதே, தங்கச்சி. கடற்காற்று வீசுவதால் மீனம்பாக்கத்திலிருந்து விமானங்கள் இப்போது கிழக்கு நோக்கி எழும்புகின்றன. இடிமேகமோ காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்து, மதுரைக்குத் திரும்பும் வழியை அடைத்து நிற்கிறது. விமானத்தின் மூக்கிலுள்ள ராடாரில் விமானிகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடுமையான இடிமேகத்தை 20 கடல் மைல், அதாவது சுமார் 37 கிலோமீட்டர், விலகிப் போக வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். வழி திறக்கக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மின்னல் பட்டாலும் மின்சாரம் உலோக உடலின் வெளிப்புறமாகவே ஓடி வெளியேறிவிடும்.

பெரியப்பா: மின்னலைவிட மேகத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் காற்றே ஆபத்தானது. அது முதலில் எதிர்க்காற்றாக விமானத்தைத் தூக்கும். பிறகு கீழே அழுத்தும். அடுத்த நொடிகளில் பின்காற்றாக மாறி வேகத்தைப் பறித்துவிடும். 1982 ஜூலை 9 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் அருகே, எழும்பிய சற்று நேரத்தில் ஒரு பான் ஆம் விமானம் இப்படித்தான் விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 153 பேர் இறந்தார்கள்.

அக்கா: பெரியப்பா, அத்தை அழுதுகொண்டிருக்கும்போது இதைச் சொல்ல வேண்டுமா?

பெரியப்பா: சொல்லத்தான் வேண்டும், அம்மா. அத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான் காற்று மாற்றத்தை எச்சரிக்கும் கருவி விமானத்துக்குள் வந்தது. எச்சரிக்கை ஒலித்தால் இயந்திரங்களுக்கு முழு விசை கொடுத்து, மூக்கை உயர்த்தி, அந்தக் காற்றைத் தாண்டும்வரை சக்கரத்தையும் இறக்கை மடிப்புகளையும் தொடாமல் ஏற வேண்டும் என்று விமானிகள் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். வெயில் ஏற ஏற இந்த மேகம் வளரும் என்பதால்தான் காலை விமானத்தில் போகச் சொன்னேன். தம்பி கேட்கவில்லை.

அத்தை: அண்ணா, காதுகுத்துக்குப் பணம் வேண்டும் என்று அவன் குறைந்த கட்டணம் பார்த்தான். அதை இப்போது பேச வேண்டாம்.

இரவு 7.31

சித்தப்பா: மதுரையில் இறங்கிவிட்டோம். இருவரும் நலம்.

அத்தை: மீனாட்சி காப்பாற்றினாள்.

சித்தி: சக்கரம் உள்ளே போன சிறிது நேரத்தில் குலுக்கல் தொடங்கியது. பணிப்பெண்கள் இருக்கையில் அமர வேண்டும் என்று விமானி அறிவித்தார். எங்களுக்கு முன்னால் இருந்த பாட்டி எழுந்தபோது, ஒரு பணிப்பெண் தன் பட்டையைக் கழற்றாமலேயே, "அம்மா, உட்காருங்கள், நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று உரக்கச் சொன்னாள். குலுக்கல் நின்றதும் முதலில் அந்தப் பாட்டியிடம்தான் ஓடி வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். இறங்கும்போது அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

பெரியப்பா: அவள் எழுந்திருந்தால் அவளும் விழுந்திருப்பாள், உதவவும் ஆள் இருந்திருக்காது. சரியாகச் செய்தாள்.

அத்தை: ஞாயிறு மாலையும் விமானமா? பாண்டியன் வண்டியில் இடம் இருக்கிறதா என்று யாராவது பாருங்கள்.

சித்தப்பா: காதுகுத்து முடியட்டும், அக்கா. பிறகு பார்க்கலாம்.

பெரியப்பா: காலை விமானத்துக்கு மாற்ற முடியுமா என்றும் கேள். கூடுதல் பணத்தை நான் தருகிறேன்.